சாம்பாவுக்குப் பொங்கல் வைக்காதீங்க

இது கொஞ்சம் நீளமான பதிவு. வர்ற தேய்பிறை அஷ்டமிக்கு முன்னாடியே போட்டுடணும்னு உட்கார்ந்து எழுதினோம். பைரவர் சந்நிதிக்கு வர்றவங்க, அதிலும் கையில சாப்பாட்டுப் பாத்திரத்தோட பின்வாசலுக்குப் போறவங்க, தயவு செஞ்சு கடைசி வரைக்கும் படிங்க. அரைகுறையா படிச்சுட்டு "நாய்க்குச் சோறு போடாதேன்னு கோயில்காரங்களே சொல்றாங்க"ன்னு வாட்ஸ்அப்ல பரப்பிடாதீங்க.

தீபாவளிக்கு வந்தவங்க நிறைய பேர் எங்ககிட்ட கேட்ட கேள்வி ஒண்ணுதான். "இது அந்த எலும்பும் தோலுமா கிடந்த நாயா? என்ன கொடுத்தீங்க, இப்படி மினுமினுன்னு ஆயிடுச்சு?" சிலர் வீட்டு நாய்க்கும் அதையே வாங்கணும்னு மருந்துப் பேரைக் கேட்டாங்க. அந்த இடத்துல நின்னு ஒரு வரியில பதில் சொல்ல எங்களால முடியல. ஏன்னா அந்தக் கதை சாம்பாவோட தொடங்கல. அதுக்கு முன்னாடி எங்க கையால செத்துப்போன இன்னொரு நாயோட தொடங்குது.

போன வருஷம் பங்குனி உத்திரத்துக்கு மறுநாள். செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல ஒரு வெள்ளை நாய் படுத்திருந்தது. எழுந்து நிக்கவே தெம்பு இல்ல. அன்னதானம் முடிஞ்ச நேரம், அண்டாவில சாம்பார் சாதம் மீதி இருந்தது. ஒரு பெரிய வாழை இலையில நிறைய வெச்சோம். தின்னுது. பாயசம் ஊத்தினோம், குடிச்சது. அபிஷேகப் பால் வெச்சோம், அதுவும் போச்சு. அது தின்ன வேகத்தைப் பார்த்து எங்கள்ல ரெண்டு பேர் அழுதுட்டாங்க. வீடியோ எடுத்து இதே பக்கத்துல போட்டோம். நீங்க எல்லாரும் கை கூப்பிய படம் போட்டு வாழ்த்தினீங்க. மறுநாளும் அப்படித்தான், இன்னும் கூடுதலா. மூணாம் நாள் அதோட கால் நடுங்க ஆரம்பிச்சது. நடக்கும்போது குடிச்சவன் மாதிரி தள்ளாடியது. அன்னிக்கு ராத்திரி மூச்சு வாங்கிக்கிட்டே கிடந்து, காலையில பூஜைக்கு மணி அடிக்கிறதுக்குள்ள போயிடுச்சு.

யாரோ விஷம் வெச்சுட்டாங்கன்னு நினைச்சோம். அக்கம்பக்கத்துல ஒரு வீட்டைச் சந்தேகப்பட்டு, வாயால சொல்லாட்டியும் முகத்தைத் திருப்பிக்கிட்டோம். இப்ப வெட்கமா இருக்கு. அந்தப் பதிவுக்குக் கீழ அது செத்த சேதியை நாங்க எழுதவே இல்ல.

சாம்பா வந்தது இந்த வருஷம் ஆடிக் கடைசி வெள்ளி. கூழ் ஊத்தி முடிச்சு பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தோம். கோயிலுக்குப் பின்னாடி லோங்காங்குக்கு அந்தப் பக்கம் லோரி நிறுத்துற இடம் இருக்கு, தெரியும்தானே, அங்கிருந்து வந்தது. விலா எலும்பை ஒண்ணொண்ணா எண்ணலாம். இடுப்பு எலும்பு ரெண்டும் கூடாரக் கம்பு மாதிரி தூக்கிட்டு நின்னுச்சு. உடம்புல முடியே இல்ல. தோல் சாம்பல் நிறத்துல தடிச்சு, வெடிச்சு, அதுமேல யாரோ கறுப்பு எஞ்சின் ஆயிலைத் தடவி விட்டிருந்தாங்க. சொறிக்கு அது நல்லதுன்னு ஊர்ல ஒரு நம்பிக்கை. தடவினவர் நல்லெண்ணத்துலதான் தடவியிருப்பார். ஆனா நாய் அதை நக்கும், தோல் வழியாவும் உள்ள போகும், புண்ணான தோலை இன்னும் எரிக்கும். முலை தொங்கிப்போய் இருந்தது. குட்டி போட்டுப் பால் கொடுத்த உடம்பு. அந்தக் குட்டிங்க எங்கன்னு ரெண்டு நாள் தேடினோம். கிடைக்கல.

தேவார வகுப்புப் பிள்ளைங்கதான் நிறத்தைப் பார்த்து சாம்பல், சாம்பான்னு பேர் வெச்சாங்க.

மடப்பள்ளி அக்கா வழக்கம் போல சர்க்கரைப் பொங்கலை எடுத்துட்டு வந்துட்டாங்க. நெய் மிதக்குது, முந்திரி, திராட்சை எல்லாம் இருக்கு. அந்த நேரம் ஓடி வந்து தடுத்தது, செர்டாங் யூ.பி.எம்.-ல கால்நடை மருத்துவம் படிக்கிற நம்ம கோயில் பிள்ளை ஒண்ணு. "அக்கா, வேண்டாம். இப்ப இதை வெச்சீங்கன்னா இது செத்துடும்."

அக்காவுக்குக் கோபம். "பசிச்ச வயித்துக்குச் சோறு போட்டா சாகுமாடி?"

சாகும் என்பதை அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். அந்தப் பிள்ளை சொன்னதையும் பிறகு கிளினிக்ல டாக்டரம்மா விளக்கினதையும் சேர்த்து எங்களுக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றோம். ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்பு தன் கொழுப்பையும் சதையையும் கரைச்சுத்தான் உயிர் வாழுது. அப்படிக் கரையும்போது உடம்புக்குள்ள இருக்கிற பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் மாதிரியான உப்புகளும் வத்திப்போயிடும். ரத்தத்துல மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த நிலையில திடீர்னு சோறும் சர்க்கரையும் உள்ள போனா, உடம்பு இன்சுலினைக் கொட்டுது. இன்சுலின் அந்த மிச்ச உப்பையும் ரத்தத்துல இருந்து உறிஞ்சி செல்லுக்குள்ள தள்ளிடுது. ரத்தத்துல ஒண்ணும் இல்லாம போனதும் தசை நடுங்கும், மூச்சு திணறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். சோறு போட்ட முதல் சில நாளுக்குள்ள இது நடக்கும். ரீஃபீடிங் சிண்ட்ரோம்னு பேர்.

கால் நடுக்கம், தள்ளாட்டம், மூச்சு வாங்கினது. வெள்ளை நாய்க்கு நாங்க பார்த்தது அத்தனையும் அவங்க வாயில இருந்து வரிசையா வந்துச்சு. யாரும் யார் முகத்தையும் பார்க்கல.

அப்பத்தான் நம்ம மூத்த தொண்டர் ஐயா, தேங்காய் உரிச்சுக்கிட்டு இருந்தவர், கத்தியைக் கீழ வெச்சுட்டுப் பேசினார். அவர் அப்பாவை ஜப்பான்காரன் காலத்துல கிள்ளான் பக்கத்துத் தோட்டத்துல இருந்து சயாம் ரயில் போடப் பிடிச்சுட்டுப் போனாங்க. 415 கிலோமீட்டர் தண்டவாளம், 1942-ல தொடங்கி 1943 அக்டோபர்ல முடிச்சாங்க. மலாயாத் தோட்டங்கள்ல இருந்து போன தமிழர்கள் எத்தனை ஆயிரம் பேர் அந்தக் காட்டுலயே முடிஞ்சாங்கன்னு நம்ம வீடுகள்ல சொல்லித் தெரிய வேண்டியதில்ல. இவர் அப்பா சண்டை முடிஞ்சு திரும்பி வந்தார். "எங்க பாட்டி சோத்துப் பானையை ஒளிச்சு வெச்சுட்டாங்களாம். கஞ்சித் தண்ணி மட்டும், அதுவும் அரை டம்ளர், மணிக்கு ஒரு தரம். அப்பா அழுதாராம், பெத்த தாயே எனக்குச் சோறு போடமாட்டேங்குறாளேன்னு. கூட வந்த இன்னொருத்தர் வீட்ல கோழி அடிச்சு விருந்து வெச்சாங்க. அவர் ஒரு வாரம்கூட தாங்கல. பாட்டிக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு தெரியல. எங்கம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் அது ஏதோ கதைன்னு நினைச்சேன்." கொஞ்ச நேரம் கழிச்சு, "மனுசரையும் நாயையும் ஒண்ணா வெச்சுப் பேசறேன்னு நினைக்காதீங்க"ன்னார். யாரும் நினைக்கல. உலகப் போர் முடிஞ்சு பட்டினிக் கைதிகளுக்குச் சோறு போட்டப்பதான் மருத்துவ உலகமே இதை விவரமா எழுதி வெச்சதுன்னு டாக்டரம்மாவும் பிறகு சொன்னாங்க.

அன்னிக்கு சாம்பாவுக்குக் கிடைச்சது தண்ணியும் ஒரு ஸ்பூன் வேகவெச்ச கோழியும்தான். கோழி எங்க இருந்து வந்ததுன்னு கேட்காதீங்க, அந்தக் கதையும் வருது.

மறுநாள் கிளினிக்ல நிறுத்துப் பார்த்தா 9.4 கிலோ. அது நிக்கிற உயரத்துக்கு 15, 16 இருக்கணும். நாயோட உடல்வாகுக்கு 1-ல இருந்து 9 வரைக்கும் ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. 4, 5 இருந்தா சரியான உடம்பு, 9 இருந்தா குண்டு. சாம்பாவுக்கு 1. சிவப்பணு அளவு 20 சதவீதம்தான், நல்ல நாய்க்கு 37க்கு மேல இருக்கணும். மலத்துல கொக்கிப்புழு முட்டை. ஒரு சின்ன பெட்டியில சில சொட்டு ரத்தம் விட்டு சோதிச்சதுல உண்ணிக் காய்ச்சல் இருக்குன்னு தெரிஞ்சது, எர்லிகியான்னு பேர். கொசு கடிச்சு வர்ற இதயப்புழு இல்ல, அது ஒண்ணுதான் நல்ல சேதி. தோலைச் சுரண்டிப் பார்த்ததுல சொறிப்பூச்சி.

இதை ஏன் வரிசையா சொல்றோம்னா, "மெலிஞ்ச நாய் = சாப்பாடு இல்லாத நாய்"னு நாம எல்லாரும் நினைச்சுக்கிறோம். சாம்பா ஏற்கனவே கிடைச்சதைத் தின்னுக்கிட்டுத்தான் இருந்திருக்கு. உள்ள போறதுல பாதியைக் கொக்கிப்புழு ரத்தமா உறிஞ்சிடுது, உண்ணிக் காய்ச்சல் இன்னொரு பக்கம் ரத்தத்தை அழிக்குது, அதுபோக மிச்சத்தைக் குட்டிங்க குடிச்சாச்சு. ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தற கதை. வீட்டு நாய் நல்லா சாப்பிட்டும் இளைக்குதுன்னா முதல்ல சோதனை, அப்புறம்தான் சத்து மாவும் டானிக்கும். முதல் நாள் செலவு மட்டும் 340 ரிங்கிட் ஆச்சு. அதைக் கட்டினது யார்னு பிறகு சொல்றோம்.

சாப்பாட்டுக் கணக்கு இதுதான். 9.4 கிலோ நாய் சும்மா படுத்து மூச்சு விடவே நாளைக்கு 375 கலோரி வேணும். முதல் நாள் அதுல கால் பங்குதான் கொடுக்கணும். கிட்டத்தட்ட 95 கலோரி. குட்டி நாய்க்கான உலர் தீனியில அது ஒரு கைப்பிடி அளவுகூட வராது. அதையும் ஆறு வேளையா பிரிக்கணும். டாக்டரம்மா கொடுத்த டின் உணவு, சோறு மாவு குறைவா, புரதமும் கொழுப்பும் கூடுதலா இருக்கிறது. காலை 6, 9, மதியம் 12, 3, மாலை 6, ராத்திரி 9. ஆளுக்கு ஒரு வேளைன்னு குழுவுல பட்டியல் போட்டோம். ரெண்டாம் நாள் கொஞ்சம் கூட்டி, மூணாம் நாள் மறுபடி ரத்தம் எடுத்துப் பாஸ்பரஸ் பார்த்து, ஒரு வாரம் முடியும்போதுதான் முழு 375-க்கு வந்தோம்.

அந்த முதல் வாரம் இருக்கே, அதுதான் ரொம்பக் கஷ்டம். பட்டினி கிடக்க விடறது இல்ல கஷ்டம், எதிர்ல உட்கார்ந்து அளந்து போடறது. ஒரு ஸ்பூன் தின்னுட்டு தட்டை நக்கி நக்கி நம்ம முகத்தைப் பார்க்கும். மடப்பள்ளி அக்கா இருக்காங்களே, ஆயிரம் பேருக்கு "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க"ன்னு கேட்டே பழகின கை. அவங்க வேளை வந்தா ஸ்பூன் போட்டுட்டு திரும்பி நின்னுக்குவாங்க. பாட்டி சோத்துப் பானையை ஒளிச்சு வெச்சது அப்ப எங்களுக்குப் புரிஞ்சது.

இனி கோழிக் கதை. கோயில் வளாகத்துக்குள்ள மச்சம் கூடாது, அதுல மாற்றமே இல்ல. மரக்கறி மட்டும் கொடுத்து இந்த நிலையில இருக்கிற நாயைத் தேத்தறது கஷ்டம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நிர்வாகக் கூட்டத்துல பிரச்சினை வந்தது. சிலர் கோபப்பட்டதுல நியாயமும் இருந்தது. குருக்கள் முகம் சுளிக்கல, ஆனா பதிலும் சொல்லல. ஒருத்தர், கெட்டவர் இல்ல, "எதுக்குய்யா இந்தத் தொல்லை? லோரியில ஏத்தி காப்பார் பக்கம் செம்பனைத் தோட்டத்துல விட்டுட்டா எலியைப் பிடிச்சுத் தின்னு பொழைச்சுக்கும்"னார்.

போர்ட் கிள்ளான் துறைமுகத்துல வேலை பார்க்கிற அண்ணன் அதுக்கு மெதுவா ஒரு கேள்வி கேட்டார். "பூலாவ் கெத்தாம் ஞாபகம் இருக்கா?" 2009-ல நடந்தது. தீவுல தெருநாய் தொல்லை தாங்காம, ஊர்க்காரங்க முந்நூறுக்கும் மேற்பட்ட நாய்களைப் பிடிச்சு பக்கத்துல ஆளில்லாத சதுப்பு நிலத் தீவுகள்ல கொண்டு விட்டுட்டாங்க. பூலாவ் தெங்கா, பூலாவ் செலாட் கெரிங்னு ரெண்டு தீவு. அலையாத்திச் சேறு, குடிக்க நல்ல தண்ணி இல்ல. பசி தாங்காம ஒண்ணையொண்ணு தின்னதுன்னு பத்திரிகையில வந்தது. விலங்கு நல அமைப்புக்காரங்க படகுல போய் உயிரோட இருந்ததை மீட்கப் பார்த்தாங்க. "நான் அப்ப ஜெட்டியில இருந்தேன். படகுல வந்ததைப் பார்த்தேன். சோறு தின்ன மாட்டேங்குற அளவுக்குப் பயந்து போயிருந்துச்சு"ன்னு மட்டும் சொல்லிட்டு உட்கார்ந்துட்டார். அந்த ஊர்க்காரங்களும் கொடுமைக்காரங்க இல்ல. 'எங்கயாவது போய்ப் பொழைச்சுக்கும்'னு நம்பினவங்கதான். அது நடந்து சில வருஷம் கழிச்சுத்தான் 2015 விலங்கு நலச் சட்டம் வந்தது. இப்ப மிருகவதைக்கு அபராதம் 20,000 ரிங்கிட்ல தொடங்குது, சிறையும் உண்டு.

ஆனா கூட்டத்தை மாத்தினது சட்டம் இல்ல. கொக்கிப்புழுதான். செர்டாங் பிள்ளை எழுந்து, "ஐயா, நாய்க் கொக்கிப்புழுவோட குஞ்சு மண்ணுல இருக்கும். செருப்பில்லாத கால்ல மனுசர் தோலுக்குள்ள பூந்துடும். கோயிலுக்கு யார் செருப்போட வர்றாங்க?"ன்னு கேட்டுச்சு. பிரகாரத்துக்கு வெளிய மணல்ல பிள்ளைங்க விளையாடுறதை எல்லாரும் ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்த்தாங்க. பின்வாசல் நாய் எல்லாத்துக்கும் மூணு மாசத்துக்கு ஒரு தரம் பூச்சி மருந்து, செலவு கோயில் கணக்குல, தீர்மானம் நிறைவேறியது.

சாம்பாவோட சாப்பாடு லோங்காங்குக்கு அந்தப் பக்கம், லோரி நிலையத்து ஜாகா கொட்டகையில. அங்க ஜாகா நேப்பாளித் தம்பி. எங்க ராத்திரி 9 மணி வேளையை அவர்தான் பார்த்துக்கிட்டார், ஒரு நாள்கூட மறந்ததில்ல. லோரி நிலையத்துச் சீனத் தவுக்கே முதல்ல ஒண்ணும் பேசல, அப்புறம் தன் பேர்ல நாய் லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தார். அந்த 340 ரிங்கிட்டும் அவர்தான். ரசீது வேண்டாம்னுட்டார்.

இப்ப முடி விஷயம். நீங்க கேட்டதே அதைத்தானே.

முதல்ல ஆயிலைக் கழுவினோம். பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணியில மூணு தரம். பிறகு டாக்டரம்மா கொடுத்த மருந்து ஷாம்பு வாரம் ரெண்டு தரம், பத்து நிமிஷம் ஊறவெச்சுக் கழுவணும், அவசரப்பட்டா பலன் இல்ல. சொறிப்பூச்சிக்கு வாயில கொடுக்கிற மாத்திரை, அதுவே உண்ணியையும் கொல்லுது. உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் 28 நாள், சாப்பாட்டோட கொடுக்கணும். பத்தாம் நாளே துள்ளிக் குதிக்க ஆரம்பிச்சுடுச்சு, நிறுத்திடலாமான்னு எங்களுக்கே தோணுச்சு, நிறுத்தல. வேப்பிலைத் தண்ணி ஊத்தினோம், அதுல தப்பில்லன்னாங்க, ஆனா அது மட்டும் போதாது. இந்தச் சொறி மனுசருக்கும் தொத்தும், தெரிஞ்சுக்கோங்க. எங்கள்ல ரெண்டு பேர் ரெண்டு வாரம் கையைச் சொறிஞ்சுக்கிட்டே அர்ச்சனைச் சீட்டு எழுதினோம். நாய்க்குச் சரியானதும் எங்களுக்கும் தானா போயிடுச்சு. தொட்டா கையை சோப்பு போட்டுக் கழுவுங்க.

ஒரு மாசம் ஆச்சு. எடை 11 கிலோவைத் தொட்டுடுச்சு, ஆனா ஒரு முடிகூட வரல. எங்களுக்கு மனசு விட்டுப்போச்சு. டாக்டரம்மா சிரிச்சாங்க. "முடின்னா முழுக்கப் புரதம்தாங்க. இதயம், ஈரல், ரத்தம் எல்லாம் முதல் பந்தியில உட்காரும். முடி கடைசிப் பந்தி. மீதி இருந்தாத்தான் அதுக்கு." அன்னதானம் பார்த்த எங்களுக்கு வேற விளக்கம் தேவைப்படல. ஆறாவது வாரம் முதுகுல ஒரு பூனை ரோமம் மாதிரி தெரிஞ்சது. எட்டாவது வாரம் தடவினா கைக்கு மெத்துன்னு இருந்தது. நிறம்தான் வேடிக்கை. சாம்பல் இல்ல, நல்ல செம்பழுப்பு, மூக்கு மட்டும் கறுப்பு. பிள்ளைங்க பேரை மாத்தணும்னாங்க, அது மாத்தவிடல. சாம்பான்னாதான் திரும்பிப் பார்க்குது.

என்ன கொடுத்தோம்னா, மருந்துக் கடை அதிசயம் ஒண்ணும் இல்ல. ரெண்டாவது வாரத்துல இருந்து அடிப்படை உணவு குட்டி நாய்க்கான உலர் தீனி, வெந்நீர்ல ஊறவெச்சு. குட்டித் தீனியில சின்ன அளவுலயே சத்து அதிகம், அதனாலதான் பெரிய நாய்க்கும் அது. சோறும் கோழியும் மட்டும் மாசக்கணக்குல போட்டா வயிறு நிறையும், ஆனா கால்சியம், துத்தநாகம் எல்லாம் போதாது. துத்தநாகம் குறைஞ்சா தோலும் முடியும்தான் முதல்ல கெடும். அதுமேல வேகவெச்ச கோழி எலும்பில்லாம, நாளுக்கு ஒரு முட்டை அவிச்சது, வாரம் ஒரு தரம் கொஞ்சூண்டு ஈரல், வாரம் ரெண்டு நாள் கெம்போங் மீன் அவிச்சு முள் எடுத்தது. மினுமினுப்புக்குக் காரணம் தேடுறவங்களுக்கு அந்தக் கெம்போங்தான் பதில், மீன் எண்ணெய் தோலுக்கு அவ்வளவு நல்லது. பாசார்ல மீன் விக்கிற பாக்சிக், யாருக்குன்னு தெரிஞ்சே, சின்ன மீனைத் தனியா எடுத்து வெச்சுக் கொடுப்பார். மலம் இளகினா வேகவெச்ச பூசணிக்காய் ரெண்டு ஸ்பூன். மூணாவது வாரத்துக்கு மேல இலக்கு எடைக்குக் கணக்குப் போட்டு, மெல்ல மெல்லக் கூட்டி, நாளைக்கு ஏறக்குறைய 900 கலோரி, நாலு வேளையா. பிரிக்பீல்ட்ஸ்ல இருந்து கொமுட்டர்ல மாலை கொண்டு வர்ற அண்ணன் பழைய தராசு ஒண்ணைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒருத்தர் அதைத் தூக்கிக்கிட்டு ஏறி நின்னு, பிறகு தனியா நின்னு, கழிச்சுக்கணும். ஏறுறவர் எடை குழுவுல தெரிஞ்சுடும்னு அதுக்கு ஆள் கிடைக்கிறதே சிரமம்.

நடுவுல ஒரு சறுக்கல். ஏழாவது வாரம் ஒரு தேய்பிறை அஷ்டமி. யாரோ பஞ்சாமிர்தமும் நெய்ப் பொங்கலும் கலந்து லோங்காங் தாண்டிப் போய் வெச்சிருக்காங்க. ராத்திரி ஜாகா தம்பி போன் பண்ணினார். வாந்தி, ரத்தப் பேதி. ரெண்டு நாள் கிளினிக்ல சலைன் ஏத்தி வெச்சிருந்தாங்க. பொங்கல்லயும் பஞ்சாமிர்தத்துலயும் இருக்கிற உலர் திராட்சை நாய்க்கு விஷம். சிறுநீரகத்தைக் கெடுக்கும், எந்த நாய்க்கு எவ்வளவுன்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. நெய் கணையத்தை வீங்க வைக்கும். அன்னதானச் சாம்பார்ல இருக்கிற வெங்காயமும் பூண்டும் சிவப்பணுவை உடைக்கும், ஏற்கனவே ரத்தம் இல்லாத நாய்க்கு அது ரெட்டை அடி. பால் பல நாய்களுக்குச் செரிக்காது. வெச்சவர் யார்னு நாங்க தேடல. போன வருஷம் நாங்க வெச்சதைவிட அவர் ஒண்ணும் அதிகமா வெச்சிடல.

அன்னிக்கு ராத்திரி கிளினிக் வாசல்ல உட்கார்ந்து நாங்க பேசிக்கிட்டது ஒண்ணு. பைரவர் வாகனம்னு மாசத்துல ஒரு அஷ்டமிக்கு நாப்பது பேர் நாப்பது பாத்திரம் கொண்டு வர்றோம். நாலு நாய் இருக்கு. அன்னிக்கு அதுங்க வாந்தி எடுக்கும். மறுநாள்ல இருந்து அடுத்த அஷ்டமி வரைக்கும் குப்பைத் தொட்டி. சனி தோஷத்துக்குச் சனிக்கிழமை வைக்கிறவங்களும் அப்படித்தான். தேவார வகுப்பு அக்கா பிள்ளைங்களுக்கு தருமர் கதை சொல்வாங்க, சொர்க்கத்துக்குப் போற வழியில கூட வந்த நாயை விட்டுட்டு வரமாட்டேன்னு நின்னாரேன்னு. அதைக் கேட்டுட்டு ஒரு பையன், "வழியில தருமர் அதுக்குச் சாப்பிட என்ன கொடுத்தார்?"னு கேட்டானாம். அக்காவுக்குப் பதில் தெரியல.

தீபாவளி அன்னிக்கு விடியக்காலையில ஜாகா தம்பி எங்களைக் கூப்பிட்டார். அவங்க ஊர்ல திஹார் பண்டிகை அஞ்சு நாள், ரெண்டாம் நாள் நாய்க்குப் பூஜை, குக்குர் திஹார். அதுவும் சதுர்த்தசிதான், நம்ம நரக சதுர்த்தசி. ரெண்டு ஊர்ப் பண்டிகையும் ஒரே விடியல்ல வந்துடுது. நம்ம பூக்கட்டுற அக்காகிட்ட செவ்வந்தி மாலை சொல்லி வெச்சிருக்கார், எங்களுக்கே தெரியாது. சாம்பா கழுத்துல மாலை, நெத்தியில சிவப்புப் பொட்டு, முன்னால ஒரு தட்டு. தட்டுல என்ன வெச்சிருக்கார்னு எட்டிப் பார்த்தோம். முட்டை ஒண்ணு, ஊறவெச்ச தீனி, முள் எடுத்த கெம்போங். அளந்து வெச்சிருந்தார். அடுத்த நிமிஷம் எங்கயோ பட்டாசு வெடிச்சது, மாலையோட லோரிக்கு அடியில ஓடிப்போய் மதியம் வரைக்கும் வரவே இல்ல.

போன ஞாயிறு எடை 15.2 கிலோ. கருத்தடை ஆபரேஷன் ஆயிடுச்சு, தையல் பிரிச்சாச்சு. இடது காதோரம் மட்டும் ஒரு வெள்ளிக்காசு அளவு முடி வரல, வராதாம்.

வர்ற அஷ்டமிக்கு நீங்க செய்ய வேண்டியது இதுதான். பைரவருக்கு வடை மாலை, மிளகு தீபம், அர்ச்சனை எல்லாம் எப்பவும் போல. பிரசாதம் மனுசருக்கு. நாய்க்கு வைக்க நினைக்கிறவங்க அதே காசுக்குக் குட்டி நாய்த் தீனி ஒரு பை, அல்லது முட்டை ஒரு தட்டு, லோரி நிலையத்து ஜாகா கொட்டகையில கொடுத்துடுங்க. பூச்சி மருந்து உபயம் எடுக்கிறவங்க கோயில் அலுவலகத்துல பேர் கொடுக்கலாம், இந்தக் காலாண்டுக்கு நாலு நாய், ரெண்டு பேர் ஏற்கனவே எடுத்தாச்சு. ரொம்ப மெலிஞ்ச நாய் எங்கயாவது பார்த்தீங்கன்னா தண்ணி மட்டும் வெச்சுட்டு எங்களுக்குச் செய்தி அனுப்புங்க. நாங்க வர்ற வரைக்கும் வேற எதுவும் வைக்காதீங்க.

போன வருஷம் அந்த வெள்ளை நாய் வீடியோவை நாங்க இன்னும் அழிக்கல. இந்தப் பதிவைப் போட்டதும் அதுக்குக் கீழ போய் நடந்ததை எழுதப் போறோம்.